ஆடித்தேர் கப்பலும் நான் சொன்ன பொய்யும்

பாண்டி,

முதலில் மகனே என்றுதான் எழுதினேன். எழுதிப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போய் அடித்துவிட்டேன். உனக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்தொன்பது. இரண்டு வயது மூத்தவள் உன்னை மகனே என்று கூப்பிட்டாள் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுத் தெய்வானை அத்தை அடுத்த தெரு வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் படிக்க வெளியூர் கிளம்புகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் நாலு வார்த்தை சொல்லி அனுப்புவது உண்டு. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அப்பா பட்டாளத்தில், எங்கோ எல்லைப் பக்கம் இருக்கிறார். போனில் அவர் பேச்சு சாப்பிட்டியா, மழை உண்டா, கரண்டு இருக்கா என்ற மூன்று கேள்விகளைத் தாண்டாது. அம்மா மஞ்சள் காமாலையில் போன பிறகு, இந்த ஐந்து வருடமும் உன் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம் என்று அச்சடித்திருக்கிற இடத்தில் என் பெயரை எழுதியவள் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அடுப்படியில் வைத்து உன்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அதற்குத்தான் முயன்றேன். நீ சோற்றுத் தட்டோடு வந்து உட்காருவாய், நான் குழம்பை ஊற்றுவேன், வாயைத் திறப்பேன், "இன்னும் கொஞ்சம் ஊத்தவா" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன். அதோடு, நீ சொன்னதை நீ என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத அத்தனை பேர் கேட்கும்படி சொல்லிவிட்டாய். அவர்கள் கேட்டதை நான் அடுப்படியில் வைத்துத் திருத்த முடியாது. அதனால் இதுவும் அதே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி வருகிறது.

நீ போட்ட வீடியோவைச் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் அந்தப் போன் விளையாட்டுக்குள் நாலு வருடமாகக் கட்டிய சக்கரக் கப்பல், அதற்குள்ளேயே நாம் கட்டிய சஞ்சீவி மலைக்குக் கீழே இருக்கிற தண்ணீரில் புகை விட்டுக்கொண்டு போகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பின்னால் உன் குரல் வந்தது. "இந்தக் கப்பல் பேரு ஆடித்தேர். நானும் எங்க அக்காவும் கட்டுனது. நாங்க ரெண்டு பேருமே கடலப் பாத்ததில்ல. எனக்குக் கொச்சியில கப்பல் கட்டுத படிப்புக்கு சீட்டு கெடச்சிருக்கு. நான் போகல. எங்கம்மா செத்த பொறவு, பள்ளிக்கூடம் போன அக்காவ நான்தான் அழுது அழுது நிப்பாட்டிட்டேன். எனக்காகப் படிப்ப விட்டவள விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

அதற்குக் கீழே எத்தனை பேர் எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர். தெய்வம் என்று ஒருவர். தம்பி, போகாதே, அக்காவுக்குத் துணையாக இரு என்று ஒருவர். நீ ஓடி வந்து போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாய். நான் தளவாய்புரத்திலிருந்து தைக்க வந்திருந்த நைட்டித் துணிக் கட்டைப் பிரித்து, கழுத்துக்குப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி படக்கென்று ஒடிந்தது. "சந்தோசத்துல கை ஆடுதுக்கா ஒனக்கு" என்று நீ சிரித்தாய். சந்தோஷம் இல்லை, பாண்டி. திங்கட்கிழமைக்குள் நீ கொச்சியில் போய்ச் சேரவில்லை என்றால் உன் இடம் வேறு யாருக்கோ போய்விடும். அது போனால், நான் பதினாலு வயதில் சொன்ன ஒரு பொய்யால் போனதாக இருக்கும். அந்தப் பொய்யைத்தான் நீ உண்மை என்று நினைத்து அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறாய்.

பொய்யைச் சொல்வதற்கு முன்னால் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பல் கட்டும்போது நான் செய்ததும் அந்தப் பொய்யும் ஒரே கை செய்தவை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அப்பா விட்டுவிட்டுப் போன பழைய போனில், கட்டை கட்டையாக அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிற அந்த விளையாட்டை நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஏற்றினாய். முதலில் கட்டியது ஒரு கோழிக்கூண்டு. அதற்குக் கதவு வைக்க மறந்துவிட்டாய். அடுத்து நம் ஊர் சஞ்சீவி மலை. மலை கட்டியவன் தண்ணீர் கட்ட வேண்டாமா என்று நான் கேட்டதால் மலைக்குக் கீழே ஒரு பெரிய ஏரி. அந்த வாரம்தான் அப்பா போனில் மூன்று கேள்விக்கு மேல் பேசினார். "தாயி, இங்க ஆத்தங்கரையில ஒரு பழைய கப்பல் கெடக்கு. நீராவிக் கப்பலாம். தண்ணியத் தள்ளுததுக்கு ரெண்டு சக்கரம். எம்புட்டுப் பெருசு தெரியுமா? நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்ச் சக்கரம் மாதிரி." நீ போனைப் பிடுங்கி, போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா என்றாய். "ஏலே, இங்க போட்டோ எடுத்தா எனக்கு வேல போயிரும்" என்று வைத்துவிட்டார்.

நம் காதில் விழுந்தது தேர்ச் சக்கரம் என்பது மட்டும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா பிறந்த ஊர். ஆடி மாதம் தேர் என்றால் நம்மை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள். அந்தச் சக்கரத்தின் உயரம், நடுவில் இருக்கிற அச்சு, எண்ணெய் வடிந்து கறுத்த மரம் எல்லாம் நமக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அதனால் நாம் என்ன செய்தோம்? தேருக்கு இருப்பது போலவே கப்பலுக்கு அடியில் நாலு சக்கரம் வைத்தோம். தண்ணீரில் இறக்கினோம். எஞ்சினை முடுக்கினாய். புகைபோக்கியில் புகை வந்தது, சக்கரம் நாலும் தண்ணீருக்குள் ஜம்மென்று சுற்றியது. கப்பல் இருந்த இடத்திலேயே இருந்தது. தெய்வானை அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னலே, பொகைதான் வருது, வண்டி நவுரலயே. டவுன் பஸ்ஸா கட்டிருக்கிய?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் அது நகரவில்லை. எஞ்சினைப் பெரிதாக்கினாய், கப்பலைச் சிறிதாக்கினாய். நடுவில் போன் கீழே விழுந்து கண்ணாடி உடைந்து, பழைய பஸ் நிலையம் பக்கத்தில் இருக்கிற ரசூல் பாய் கடைக்குக் கொண்டு போனோம். உள்ளே கப்பல் இருக்கிறது, பார்த்துக் கழற்றுங்கள் என்று நீ சொன்னதும் அவர் போனைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி எதுவும் கசியலயே தம்பி" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்கு வெளியே போய் நின்றேன். அப்பாவிடம் மறுபடி கேட்கலாம் என்று நீ ஒவ்வொரு நாளும் சொன்னாய். நாமே கண்டுபிடிப்போம் என்று நான்தான் உன்னைத் தடுத்தேன். அதைப் பெரிய வைராக்கியம் என்று நீ நினைத்திருப்பாய். கேட்டால் நமக்குத் தெரியவில்லை என்பது தெரிந்துபோகுமே என்ற பயம்தான் அது. கடைசியில் நான் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நீ போன் போட்டுக் கேட்டுவிட்டாய். அப்பா ஒரே வரியில் சொன்னார். "சக்கரம் பாதி தண்ணிக்குள்ள இருக்கணும்லே, பாதி வெளிய இருக்கணும். முழுசா முங்குனா மேல் பாதி பின்னால தள்ளும், கீழ் பாதி முன்னால தள்ளும், எப்படி நவுரும்?" மூன்று வாரம் ஒரு கேள்விக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். கொச்சியில் உனக்குத் தெரியாதது நிறைய வரும். அங்கே இருக்கிற பிள்ளைகள் கடலையும் கப்பலையும் பார்த்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள். உன் அக்கா மாதிரி இருக்காதே. அன்றைக்கே கேட்டுவிடு.

சக்கரத்தைப் பக்கவாட்டுக்கு ஏற்றினோம். இடது சக்கரம் நான், வலது சக்கரம் நீ. கப்பல் நகர்ந்தது. நீ போட்ட கூச்சலில் அத்தை வீட்டுக் கோழி பறந்தது. ஆனால் நகர்ந்த கப்பல் நேராகப் போகாமல் ஏரிக்குள் வட்டம் போட்டது. இரண்டு நாள் சண்டை. "யக்கா, ஒன் சக்கரம் பெருசுக்கா" என்று நீ. "ஒன்னதுதான் சிறுசு" என்று நான். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. முதல் நாள் சாயங்காலமே, நீ டியூஷன் போயிருந்தபோது, நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் பேசி வைத்த அளவில் உன் சக்கரம் சரியாக இருந்தது. என்னுடையதுதான் சுற்றிலும் ஒரு கட்டை அதிகம். நீ திரும்பி வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சரியாக இருந்த உன் சக்கரத்தை முழுக்கப் பிரித்து, என் தப்பான அளவுக்கு மறுபடியும் கட்டினாய். கப்பல் நேராகப் போனது. "நீதாங்க்கா கரெக்ட்டு" என்றாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆடித்தேர் என்று பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான். நேராகப் போன கப்பலைத் திருப்பத் தெரியவில்லை. அங்கே மட்டும் எனக்கு ஒன்று தோன்றியது. தெரு முக்கு திரும்பும்போது தேருக்கு என்ன செய்வார்கள்? வடம் பிடிக்கிறவர்கள் முன்னால் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், பக்கத்தில் கூடவே நடக்கிறவர்கள் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் அடியில் மரக்கட்டையைக் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் தயங்கும், மற்றது சுற்றும், அவ்வளவு பெரிய தேர் மெல்ல முகத்தைத் திருப்பும். அம்மா அந்த இடத்தில்தான் நம்மை நிறுத்திக் காட்டுவாள். இழுக்கிறவர்களைப் பார்க்காதே, கட்டை கொடுக்கிறவர்களைப் பார் என்பாள். நம் கப்பலில் ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஒரு கட்டையை வைத்தோம். கப்பல் சஞ்சீவி மலையைச் சுற்றித் திரும்பி நம் பக்கம் வந்தது. நீ பெயர்ப் பலகையில் ஆடித்தேர் என்று எழுதினாய்.

இனி அந்தப் பொய்.

அம்மா போனபோது நான் ஒன்பதாம் வகுப்பு. மிச்ச மாதங்களை எப்படியோ ஓட்டி, பத்தாம் வகுப்புக்குப் போனேன். பள்ளி திறந்த இரண்டாம் நாள் தமிழ்ப் பாடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் வார்த்தை சிக்கும். அதுவரை என் முறை வருவதற்கு முன்பே வயிற்று வலி, தலைவலி என்று ஏதாவது சொல்லித் தப்பித்து வந்திருந்தேன். அன்றைக்கு முதல் ஆளே நான்தான். இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் ஒரு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். டீச்சர் திட்டவில்லை. பரவாயில்லை, உட்கார் என்றார்கள். பின் பெஞ்சில் ஒருத்தி என்னைப் போலவே அந்த எழுத்தைச் சொல்லிக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள், அவள் எனக்குத் தோழி. நான் உட்கார்ந்தேன். நாளைக்கு இங்கே வரக்கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் கிளம்பவில்லை. தெய்வானை அத்தை வந்து கேட்டாள். பாண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றேன். "நான் செத்தா போயிட்டேன்? அவனுக்குச் சோறு போட, சாயங்காலம் பாத்துக்கிட நான் இருக்கேன். நீ கெளம்புட்டி" என்றாள். அன்றைக்கு அத்தை சொன்னது உனக்குத் தெரியாது. நீயும் தெரிந்துகொள்ளாதபடி நான் பார்த்துக்கொண்டேன். அப்பா போன் செய்தார். "படிப்ப மட்டும் விட்டுராத தாயி" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாண்டி அழுகிறான் அப்பா, நான் பை எடுத்தாலே பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான், அம்மாவும் போயிட்டா, நீயும் போவியா என்று கேட்கிறான் என்றேன். "சரி தாயி, ஒன் மனசுக்கு எப்படித் தோணுதோ" என்றார் அப்பா.

நீ அழவில்லை, பாண்டி. ஒரு நாள் கூட அழவில்லை. அந்தக் காலையில் நீ தலையில் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு, டிபன் பாக்ஸில் புளிச்சோறா என்று திறந்து பார்த்துவிட்டு, "வாரேங்க்கா" என்று சொல்லிப் பள்ளிக்கு ஓடினாய். உன் செருப்பின் வார் அறுந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா லீவில் வந்தபோது அந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னார். உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அக்காவை விடாமல் அழுதாயாமே என்று கேட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன சொல்வாய்? விழித்தாய். அடுத்த வருடம் யாரோ கேட்டபோது, "ஆமா, அழுதேன்" என்றாய். அதற்கடுத்த வருடம் பாவாடை என்ன நிறம் என்று கூடச் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னை நல்ல பிள்ளை என்றார்கள். வாசிக்க முடியாமல் ஓடி வந்தவள் என்பதை விடத் தம்பிக்காகப் படிப்பை விட்டவள் என்பது கேட்க நன்றாக இருந்தது. சரியாக இருந்த உன் சக்கரத்தைப் பிரித்து என் அளவுக்கு நீ கட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதே மாதிரிதான் இதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னைப் பார்த்துக்கொண்டதும் பொய்யா என்று நீ கேட்பாய். அது பொய் இல்லை. பொய்யில் ஆரம்பித்தேன், ஆனால் உனக்குச் சோறு ஆக்கியதும், காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டதும், கணக்கில் நீ குறைந்தபோது அடித்ததும் நிஜம். அடித்தது தப்பு, அதையும் சேர்த்துக்கொள். உன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று முதல் தடவை கூப்பிட்டபோது, அம்மாவின் மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன், நினைவிருக்கிறதா? இடுப்பில் நாலு ஊக்கு. உன் வகுப்பு சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா வரலையாப்பா?" என்று உன்னைக் கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "இவியதான் சார்" என்றாய். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்றார். எனக்கு வார்த்தையே வரவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். வெளியே வந்ததும், "எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டியே, நான் இங்கிலீஸ்ல பெயிலுக்கா" என்று நீ சொன்னாய். அன்றைக்கு உன்னோடு சேர்ந்து சிரித்தவள் பொய் இல்லை.

உன் வீடியோவை அத்தை மறுநாள்தான் பார்த்தாள். யாரோ அவள் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேரே என் மெஷின் பக்கம் வந்து நின்றாள். "ஏட்டி, அந்தப் பய அழுதானா? சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கவ நான். எனக்குக் கேக்காம எப்படிட்டி அழுதான்?" நான் குனிந்துகொண்டே தைத்தேன். இத்தனை வருடமாக நீயும் சொன்னதில்லையே அத்தை என்றேன். "ஒன் மானம்னு இருந்தேன். இப்போ அவன் பொழப்புல வந்து நிக்குது. நீ சொல்லுதியா, நான் சொல்லவா?" நானே சொல்கிறேன் என்றேன். "எப்போ?" என்று கேட்டாள். நான் அறுந்த நூலைக் கோத்தேன். "அவன் ரயில் போன பொறவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அத்தை பேசினால் எப்போதும் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை.

அதனால் நீ எனக்கு எதுவும் தர வேண்டியது இல்லை. என் படிப்பை நீ எடுக்கவில்லை. எனக்குத் துணை வேண்டும் என்றும் நினைக்காதே. தையல் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் வைக்கிற கழுத்துப் பட்டி சுருங்காது என்று தளவாய்புரத்தில் தெரியும். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதலாம் என்று அத்தை சொல்கிறாள். எழுதுவேனா என்று எனக்கே தெரியவில்லை. உன்னிடம் வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அதற்கும் காவலாக இங்கேயே உட்கார்ந்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலில் நீ ஏறு. பையின் பக்கவாட்டு அறையில் ஊசியும் நூலும் ஆறு பொத்தானும் வைத்திருக்கிறேன். பொத்தான் அறுந்தால் ஊக்குக் குத்திக்கொண்டு அலையாதே. அங்கே குழம்பில் தேங்காய் எண்ணெய் வாசம் இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும் என்கிறார்கள். வாரம் ஒரு தடவை அப்பாவோடு பேசு. அவர் அந்த மூன்று கேள்வியைத்தான் கேட்பார். நாலாவதாக ஒன்றை நீ அவரிடம் கேள். கப்பலைப் பற்றி நீ கேட்டபோதுதான் அவர் அவ்வளவு நீளமாகப் பேசினார். அப்பா, இது உங்களிடமும் வந்து சேரும். உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். ஞாயிறு சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன்.

இன்னும் ஒன்றுதான். உன் வகுப்பில் என்னைப் போல ஒருவன் இருப்பான். எழுந்து வாசிக்கும்போது நடுவில் நின்றுவிடுவான். சிரிக்காதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ சிரிக்க மாட்டாய். ஆனால் அவன் பாவம் என்று நிமிர்ந்து அவன் முகத்தையும் பார்க்காதே. வார்த்தையை நீயும் எடுத்துக் கொடுக்காதே. குனிந்து உன் புத்தகத்தில் அதே வரியைப் பார்த்துக்கொண்டிரு. அவன் வந்து சேர்வான்.

நீ போன பிறகு முதல் வேலையாக என் இடது சக்கரத்தைப் பிரிக்கப் போகிறேன். முதலில் பேசி வைத்த அளவுக்கே கட்டுவேன். உன் வலது சக்கரத்தை நீ கொச்சியிலிருந்து கட்டு. அதுவரைக்கும் கப்பல் வட்டம் போட்டுக்கொண்டிருக்கட்டும், அத்தைக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும்.

இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் பிறகு எழுதி, படத்துக்குக் கீழே போடுகிறேன். மேலே இருப்பதை எழுதி முடித்ததும் எழுத்தாகவே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு, நீ வாயால் சொன்னதை நானும் வாயால்தான் மாற்ற வேண்டும் என்று தோன்றியது. இன்றைக்குப் பகலில் நீ மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தபோது மெஷினை நிறுத்திவிட்டு, கப்பல் போகிற படத்துக்கு மேலே இதை நானே வாசித்துப் பதிந்திருக்கிறேன். கேட்க ஒரு ஆள் இருக்கட்டும் என்று அத்தையைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். அவள் கடைசி வரை தலையை நிமிர்த்தாமல் வெங்காயம் உரித்தாள். நிறைய இடத்தில் சிக்கினேன். நீ அழவில்லை என்கிற இடத்தில்தான் ரொம்ப நேரம். எந்த இடத்தையும் வெட்டவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் சத்தம் நின்றால், போன் கெட்டுவிட்டது என்று தட்டாதே. ரசூல் பாயிடமும் ஓடாதே. செத்த நேரம் பொறு. அடுத்த வார்த்தை வந்துவிடும்.